கோத்தகிரி குவார்ட்டர்ஸுக்கு ஒரே ஒரு ப்ரைம்: 24-ஆ, 50-ஆ?

#1 கோத்தகிரி_சாரல்
நவம்பர் 9, இரவு 9.50

வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன், முதல் தடவையா எழுதறேன்.

கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸ்ல வேலை. கேமரா கேனான் 200டி, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். வேற எதுவும் கிடையாது. எடுக்கறது பெருசா ஒண்ணுமில்லை: நாலு வயசுப் பொண்ணு, காலையில அடுப்புக்கு முன்னாடி அம்மா, கொழுந்து எடை போடற இடம், பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட். மயில், புலி, பால்வீதி எல்லாம் நமக்கு வேண்டாம்.

பிரச்சினை வீட்டுக்குள்ளதான். குவார்ட்டர்ஸ் முன்னறை பத்துக்குப் பத்து, சமையல்கட்டு அதைவிடச் சின்னது. ஐப்பசி பொறந்ததுல இருந்து நாலு மணிக்கே விளக்கு போட வேண்டியிருக்கு. ஐ.எஸ்.ஓ.வை (சென்ஸாரோட வெளிச்ச உணர்வு) 6400-க்கு ஏத்தினாலும் பொண்ணு கை காலெல்லாம் இழுத்துட்டுப் போகுது.

பன்னிரண்டாயிரம் வரைக்கும் போகலாம். ஒரே ஒரு ப்ரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்), அதைப் போட்டா கழட்டவே கூடாது. கேனான் இ.எஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8, இல்லைன்னா இ.எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் குறைஞ்சா வெளிச்சம் கூட). கோயமுத்தூர்ல ஒரு கடையில கேட்டேன், "கண்ண மூடிட்டு 50 எடுங்க"ன்னாங்க. கண்ணை மூடிட்டு லென்ஸ் வாங்கறது சரியாப் படலை, அதான் இங்க வந்துட்டேன்.

#2 வெலிங்டன்_வாத்தியார்
நவம்பர் 9, இரவு 10.20

50 தான் தம்பி. இதுல யோசிக்க என்ன இருக்கு? பிரெஞ்சு ஃபோட்டோகிராஃபர் கார்த்தியே பிரெஸ்ஸோன் வாழ்நாள்ல பெரும்பகுதி 50-ஐ வச்சே ஓட்டினவர். விலை கம்மி, எடை 160 கிராம், எஃப் 1.8. மனுஷன் கண்ணு பார்க்கற மாதிரியே பார்க்கும். நான் முப்பது வருஷமா வச்சிருக்கேன்.

#3 போன்_போதும்
நவம்பர் 9, இரவு 10.31

பன்னிரண்டாயிரத்தை அப்படியே வச்சிருந்து அடுத்த போனுக்குப் போடுங்க. இருட்டுல எட்டு படம் எடுத்து அதுவே ஒண்ணா ஒட்டிக் கொடுக்குது.

#4 கோத்தகிரி_சாரல்
நவம்பர் 9, இரவு 10.40

அந்த எட்டு படத்துலயும் என் பொண்ணு எட்டு இடத்துல இருப்பா, அண்ணா.

#5 இந்துநகர்_நெகட்டிவ்
நவம்பர் 10, காலை 6.15

வாத்தியார் சார் சொல்றது தப்பில்லை. ஆனா அவர் சொல்ற 50 வேற, தம்பி கையில வரப்போற 50 வேற.

அப்பா ஊட்டி இந்து நகர்ல ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்ல இருந்தவர். 1960-ல ஆரம்பிச்ச கம்பெனி, 1967-ல உற்பத்தி. எங்க வீட்டுல பால் பாக்கெட்டைவிட ஃபிலிம் டப்பாதான் அதிகம் கிடக்கும். பட்டாணி, கடுகு, சில்லறைக் காசு எல்லாம் அதுக்குள்ளதான். அதனால ஃபிலிம் கணக்கு எனக்குக் கொஞ்சம் தெரியும்.

35 மி.மீ. ஃபிலிம்ல ஒரு ஃபிரேம் 36-க்கு 24 மி.மீ. அதோட மூலைவிட்டம் 43 மி.மீ. சொச்சம். லென்ஸோட குவியத்தூரம் (24, 50-ங்கற அந்த எண்) இந்த மூலைவிட்டத்துக்குப் பக்கத்துல இருந்தா படம் விரிஞ்சும் தெரியாது, நசுங்கியும் தெரியாது. அதைத்தான் "நார்மல்"னு சொல்றது. 1925-ல லைக்கா வந்தப்ப அதுல இருந்தது 50. அங்கிருந்து ஊர் உலகமெல்லாம் 50 பரவிப் போச்சு.

200டி-யோட சென்ஸார் 22.3-க்கு 14.9. மூலைவிட்டம் 26.8. அப்போ அந்த கேமரா பாடிக்கு நார்மல் எதுன்னு நீங்களே பாருங்க. 24 போட்டா ஃபுல் ஃபிரேம்ல (ஃபிலிம் அளவு சென்ஸார்) 38 மாதிரி. 50 போட்டா 80 மாதிரி. பிரெஸ்ஸோன் 80-ஐ மாட்டிக்கிட்டுப் பாரிஸ் தெருவுல சுத்தலை.

#6 வெலிங்டன்_வாத்தியார்
நவம்பர் 10, காலை 7.02

சரிதான். என்னோடது ஃபுல் ஃபிரேம் பாடி. அதைச் சொல்லாம விட்டது என் தப்பு. ஆனாலும் முகம் எடுக்க 80 மோசமில்லையே?

#7 கல்யாண_கேமரா
நவம்பர் 10, பகல் 1.15

முகூர்த்தம் முடிஞ்சு பந்தியில உட்கார்ந்து டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

முகத்துக்கு 80 அருமைங்க சார். பிரச்சினை முகத்துல இல்லை, முதுகுல. பின்னாடி போக இடம் வேணும்ல?

கணக்கு சொல்றேன். மூணு பேர் வரிசையா உட்கார்ந்து சாப்பிடறாங்க, ரெண்டு மீட்டர் அகலம்னு வைங்க. இந்த பாடியில 50 போட்டு அந்த அகலத்தை அடக்கணும்னா நாலரை மீட்டர் பின்னாடி நிக்கணும். பதினஞ்சு அடி. தம்பி வீட்டு முன்னறையே பத்தடி. சுவத்தை இடிச்சுட்டுப் பக்கத்து குவார்ட்டர்ஸ் சமையல்கட்டுல நின்னுதான் எடுக்கணும். 24-ல அதே படத்துக்கு ரெண்டே கால் மீட்டர் போதும், ஏழடி சொச்சம்.

ஆனா இதோட முடியலை. வெளிச்சத்துக்கு வாங்க. உங்க கிட் லென்ஸ் 50 கிட்ட எஃப் 5.6. ப்ரைம் 1.8. கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் கூட வரும், சும்மா இல்லை. 24 கிட்ட அதே கிட் லென்ஸ் எஃப் 4 பக்கம் நிக்குது, ப்ரைம் 2.8. ரெண்டு மடங்குதான். அதுக்கும் மேல கிட்ல ஐ.எஸ். (கை ஆட்டத்தைச் சமாளிக்கறது) இருக்கு, 24 ப்ரைம்ல இல்லை. அசையாம உட்கார்ந்திருக்கிற அம்மாவை எடுக்க 24 வாங்கி உங்களுக்குப் பெரிய லாபம் கிடையாது, கிட்டே போதும். ஓடற பொண்ணுக்குத்தான் அந்த ரெண்டு மடங்கு.

ஆக, எது வீட்டுக்குள்ள அடங்குதோ அதுல வெளிச்சம் கம்மி. எதுல வெளிச்சம் அதிகமோ அது வீட்டுக்குள்ள அடங்கலை. இந்தக் கேள்விக்கு "கண்ண மூடிட்டு"ன்னு பதில் சொன்ன கடைக்காரரை ஒரு தடவை கும்பிடணும்.

ரசம் வந்துடுச்சு, அப்புறம் வரேன்.

#8 போன்_போதும்
நவம்பர் 10, பகல் 1.40

நடுவுல 35 எஃப் 2-ன்னு ஒண்ணு இருக்காமே? ரெண்டுக்கும் பொதுவா அதை வாங்கிட்டா ஆச்சு.

#9 கல்யாண_கேமரா
நவம்பர் 10, மாலை 5.30

கேனானோட 35 எஃப் 2 ஐ.எஸ். நல்ல லென்ஸ், தம்பி பட்ஜெட்ல வராது. வெளிக்கம்பெனி 35 ஒண்ணு கைவசம் இருந்துச்சு. பகல்ல ஒழுங்காத்தான் வேலை செய்யும். மேகம் இறங்கிச்சுன்னா ஃபோகஸ் முன்னாடியும் பின்னாடியும் ஓடிட்டே இருக்கும், எங்கேயும் நிக்காது. போன தை மாசம் வித்துட்டேன். எல்லார் கையிலயும் அப்படித்தான்னு சொல்ல மாட்டேன்.

#10 கொடை_மேகம்
நவம்பர் 10, இரவு 8.45

கொடைக்கானல்ல இருந்து எழுதறேன். அங்க கோத்தகிரியில வடகிழக்குப் பருவமழைன்னா இங்கேயும் அதேதான், ஒரு வாரமா ஏரியே கண்ணுல படலை.

யாரும் மேகத்தைப் பத்திப் பேசலையேன்னுதான் வந்தேன். எல்லாரும் "எஃப் 1.8 வாங்கினா பின்னணி கரைஞ்சு போகும்"னு சொல்றாங்க. மலையில பாதி நாள் பின்னணியே கிடையாது தம்பி. பத்தடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர். அதைக் கரைக்கறதுக்குக் காசு எதுக்கு?

மேகத்துல எனக்குப் பிடிபட்டது ஒண்ணு இருக்கு. உங்களுக்கும் எடுக்கற பொருளுக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ அவ்வளவு மேகமும் படத்துல சேரும். 80 மாதிரி லென்ஸ்ல தள்ளி நின்னு எடுத்தா எல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருக்கும். அகலமான லென்ஸோட கிட்ட போனா முன்னாடி நிக்கற ஆள் கறுப்பும் சிவப்புமாத் தெளிவா நிப்பார், பின்னாடி மட்டும் வெள்ளை. பூம்பாறையில பூண்டு காயப்போடறவங்களை நான் எடுத்ததெல்லாம் அப்படித்தான். ஃபோகஸ் ஓடிச்சுன்னா வெள்ளையில வைக்காதீங்க, கம்பம், கிளை, தலைப்பாகை ஓரம் எதாவது கோடு தெரியற இடத்துல வைங்க. எக்ஸ்போஷரும் (படத்துல விழற வெளிச்சம்) முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டிக்கணும். கேமரா வெள்ளையைப் பார்த்தா பயந்து போய் சாம்பலாக்கிடும்.

நான் ஃபியூஜி எக்ஸ்-டி3, 35 எஃப் 2. 170 கிராம், தூறல் தாங்கும்னு போட்ட லென்ஸ். பாடியும் அப்படி இருந்தாத்தான் அதுல பிரயோஜனம். உங்க 200டி-க்கும் சரி, நீங்க கேக்கற ரெண்டு லென்ஸுக்கும் சரி, அந்தக் காப்பு கிடையாது. ஆனா ஒரே லென்ஸ், கழட்டவே மாட்டேன்னு சொன்னீங்க பாருங்க, சாரல்ல அதுவே பாதி காப்பு.

#11 கோத்தகிரி_சாரல்
நவம்பர் 10, இரவு 9.30

அக்கா, அண்ணா, சார், எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும்னு நினைக்கலை.

ஒரு யோசனை பண்ணினேன். பழைய படத்துல எல்லாம் எந்த எண்ணுல எடுத்தேன்னு கம்ப்யூட்டர்ல பார்த்தேன். ஆயிரத்து நானூறு படம். பாதிக்கு மேல 18, இல்லைன்னா 55. நடுவுல ரொம்பக் கம்மி. அப்போ எனக்கு 24-ம் வேண்டாம் 35-ம் வேண்டாம், 50-தான் பிடிக்குதோ?

#12 இந்துநகர்_நெகட்டிவ்
நவம்பர் 11, காலை 6.05

அது உங்க ரசனை இல்லை தம்பி, வளையத்தோட ரெண்டு முனை. ஜூம் கையில இருந்தா எல்லாருமே இடிக்கற வரைக்கும் திருப்புவோம். நானும்தான்.

இப்படிச் செய்யுங்க. ஒரு வாரம் கிட் லென்ஸை 24-ல வச்சு செலோ டேப் ஒட்டிடுங்க. அடுத்த வாரம் 50-ல. டேப்பைப் பிரிக்கக் கூடாது, யார் என்ன அழுதாலும். எஃப் 1.8 வராதுதான். ஆனா இடம் பத்துதா, நீங்க எங்க போய் நிக்கறீங்க, எதை எடுக்காம விடறீங்க, அது தெரிஞ்சுடும். காசு செலவு டேப்புக்கு மட்டும்.

#13 வெலிங்டன்_வாத்தியார்
நவம்பர் 11, காலை 8.10

நல்ல யோசனை. அதுவரைக்கும் என் 50 பாட்டை நிறுத்தி வைக்கறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ப்ரைம் வச்சிருக்கறவங்களுக்கு "காலாலே ஜூம் பண்ணு"ன்னு எல்லாரும் சொல்லிக் கொடுக்கறாங்க. நம்ம ஊர்ல தேயிலைக் காட்டுக்குள்ள காட்டெருமை நின்னா அந்தப் பாடத்தை மறந்துடுங்க. போன வருஷம் எங்க தெருவுல ஒரு பையன் 24 மாதிரி லென்ஸை வச்சுட்டு "இன்னும் ரெண்டு அடி"ன்னு போனான். தப்பிச்சது அவன் பாட்டி புண்ணியம். படமும் ஆடிப்போச்சு.

#14 கல்யாண_கேமரா
நவம்பர் 12, இரவு 11.20

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். லென்ஸுக்கு முன்னாடி பல்பை மாத்துங்க தம்பி.

நிஜமாத்தான் சொல்றேன். குவார்ட்டர்ஸ் சமையல்கட்டுல வழக்கமா ஒரே ஒரு ஒன்பது வாட் எல்.இ.டி., அதுவும் தலைக்கு நேர் மேல, மூக்குக்குக் கீழ கறுப்பா நிழல். சுவத்தோரமா இன்னொரு பல்பு போட்டா வெளிச்சம் ரெண்டு மடங்கு. நீங்க 24 வாங்கி சம்பாதிக்கப் போறதும் அதே ரெண்டு மடங்குதானே? ரெண்டும் சேர்ந்தா நாலு. கிட்ல ஷட்டர் 1/30 நொடியில எடுத்தது 1/125 ஆயிடும். ஓடற குழந்தைக்கு அங்கதான் ஆரம்பம்.

மலிவு எல்.இ.டி. சிலது கண்ணுக்குத் தெரியாம சிமிட்டும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சிமிட்டறது நொடிக்கு நூறு தடவை. ஷட்டரை ரொம்ப வேகமா வச்சா படத்துல பட்டை பட்டையா வரும். வந்தா 1/100-க்கு இறக்குங்க, இல்லைன்னா வேற பல்பு பாருங்க. கடையிலேயே பல்பைப் போடச் சொல்லி ஒரு படம் எடுத்துட்டு வாங்கினா தொல்லை இல்லை.

#15 போன்_போதும்
நவம்பர் 13, காலை 9.00

லென்ஸ் கேட்டு வந்தவனை எலக்ட்ரிக் கடைக்கு அனுப்பிட்டீங்களே.

#16 கோத்தகிரி_சாரல்
நவம்பர் 20, இரவு 10.05

24-ல டேப் ஒட்டின வாரம் முடிஞ்சுது. சுருக்கமாச் சொல்றேன், நாளைக்கு ஆடிட்.

வீட்டுக்குள்ள எங்கேயும் முட்டலை. தட்டு, அடுப்பு, ஜன்னல், பொண்ணு நாலும் ஒரே படத்துல வருது. எடை போடற இடத்துல மூட்டைக்குப் பக்கத்துல நின்னே எடுக்க முடிஞ்சுது. கஷ்டம் முகத்துலதான். பொண்ணு கேமராவைப் பார்த்தா நேரா வந்து முட்டுவா, கிட்ட வந்ததும் மூக்கு பெருசு, காது காணோம். அவளுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு, தினமும் "மூக்குப் படம்" எடுக்கச் சொல்றா.

பல்பு மாத்தியாச்சு. அம்மா முதல் நாள் "என்னடா கல்யாண வீடா?"ன்னாங்க, இப்போ அதை அணைக்க விடறதில்லை, காய்ல புழு தெரியுதாம்.

#17 கொடை_மேகம்
நவம்பர் 20, இரவு 10.30

மூக்குப் படத்தை ஒண்ணு ரெண்டு வச்சுக்குங்க. மத்ததுக்கு, மூணடிக்குக் கிட்ட போகாதீங்க, அப்புறமா ஓரத்தை வெட்டிக்கலாம். 24 மெகாபிக்சல் இருக்கே. மூக்கைப் பெருசாக்கறது லென்ஸ் இல்லை, நீங்க நிக்கற தூரம்.

#18 கோத்தகிரி_சாரல்
நவம்பர் 29, இரவு 9.15

50-ல டேப் ஒட்டின வாரமும் ஆச்சு.

முதல் மூணு நாள் எரிச்சல். முன்னறையில எங்க நின்னாலும் பாதி ஆள்தான். பீரோவுல முதுகு இடிச்சு இடிச்சு, நாலாம் நாள் வெளியே போயிட்டேன். வராந்தாவுல நின்னு, கதவு வழியா, முன்னறையைத் தாண்டி, சமையல்கட்டுல இருக்கிற அம்மாவை எடுத்தேன். நான் நிக்கறதே அவங்களுக்குத் தெரியலை. கதவு நிலை ரெண்டு பக்கமும் இருட்டு, நடுவுல அடுப்பு வெளிச்சத்துல அவங்க முகம். ரெண்டு வாரத்துலயும் நல்ல படம் எதுன்னு கேட்டா அதுதான். 24-ல அது கிடைச்சிருக்காது.

ஆனா அந்த வாரம் மொத்தம் எடுத்ததே நாப்பத்தொரு படம். 24-ல ஒட்டின வாரத்துல முந்நூறு. பொண்ணோட படம் நாப்பத்தொண்ணுல அஞ்சு. அவ வராந்தாவுக்கு அந்தப் பக்கம் நிக்கற ஆள் இல்லை, காலுக்குக் கீழே நிக்கற ஆள்.

அதனால 24. வாத்தியார் சார் மன்னிக்கணும்.

#19 வெலிங்டன்_வாத்தியார்
நவம்பர் 29, இரவு 9.40

மன்னிப்பெல்லாம் எதுக்கு? அந்தக் கதவுப் படத்தை மட்டும் பெருசாப் பிரிண்ட் போட்டு அம்மா கையில கொடுங்க. ஊர்ப்பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க, என் 50-ஐ உங்க பாடியில மாட்டி ஒரு வாரம் வச்சுக்குங்க. அதே கதவுல எஃப் 1.8-ஐயும் பார்த்துடலாம்.

#20 கல்யாண_கேமரா
நவம்பர் 30, காலை 7.30

24 செகண்ட் ஹேண்ட்ல வாங்கறதா இருந்தா ரெண்டு விஷயம். போன் டார்ச்சைப் பின்னாடி இருந்து சாய்ச்சு அடிச்சு, லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பாருங்க. தூசி நாலு இருந்தா பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி நூல் நூலா ஓடினா அது ஃபங்கஸ், விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம். மலையிலேயே இருந்த லென்ஸ்னா ரெண்டு தடவை பாருங்க.

அப்புறம் கேனான் இப்போ ஆர்.எஃப். மவுண்ட் (லென்ஸ் மாட்டற வாய்) பக்கம் போயிட்டாங்க, பின்னாடி பாடி மாத்தினா என்ன ஆகும்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: அடாப்டர் போட்டா இதுவும் வேலை செய்யும். ஃபுல் ஃபிரேம் ஆர் பாடியில போட்டா நடுவுல வெட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

#21 கொடை_மேகம்
நவம்பர் 30, காலை 8.05

வாங்கின பிறகு வைக்கற இடமும் முக்கியம். தோல் பையிலேயே போட்டு வச்சா ஆறே மாசத்துல அண்ணன் சொன்ன சிலந்தி வந்துடும். மூடி இறுக்கமா இருக்கிற டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், அதோட ஒரு சின்ன ஈரமானி. 40-ல இருந்து 50-க்குள்ள நின்னா நிம்மதி. ஜெல் நிறம் மாறினா இரும்புச் சட்டியில சிறு தீயில வறுத்துத் திரும்பப் போடலாம், அந்தச் சட்டியில அப்புறம் தாளிக்காதீங்க. அரிசி டப்பாவுல வைக்கச் சொல்றவங்க பேச்சைக் கேக்க வேண்டாம், மாவு உள்ளே போகும். எங்க வீட்டுல முன்னாடி அலமாரிக்குள்ள ஜீரோ வாட் பல்பு எரியவிடுவோம், அந்தச் சூட்டுக்கு எல்லாம் காஞ்சிருக்கும். இப்போ வர்ற எல்.இ.டி. ஜீரோ வாட்டுக்குச் சூடே இல்லை, அலங்காரத்துக்குத்தான்.

#22 இந்துநகர்_நெகட்டிவ்
நவம்பர் 30, காலை 9.20

மார்கழியில உறைபனி பார்க்க தலைக்குந்தா பக்கம் வந்தீங்கன்னா, திரும்பி ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி கேமராவைப் பையில போட்டு ஜிப்பை மூடிடுங்க. உள்ள போய் ஒரு மணி நேரம் திறக்காதீங்க. குளிர்ந்த கண்ணாடியில சூடான காத்து பட்டா வேர்த்துடும். பேட்டரி மட்டும் சட்டைப் பையில, உடம்போட ஒட்டி.

#23 கோத்தகிரி_சாரல்
டிசம்பர் 7, இரவு 8.50

வந்தாச்சு. செகண்ட் ஹேண்ட்தான், பில்லோட. டார்ச் அடிச்சதுல ஒரே ஒரு தூசி. 125 கிராம். மாட்டினதும் அம்மா "லென்ஸ் எங்கடா, உடைஞ்சு போச்சா?"ன்னு கேட்டாங்க, அவ்வளவு தட்டை.

முதல் படம் வர்க்கி பிஸ்கட். அரை அடிக்குள்ள போய் ஃபோகஸ் ஆகுது, அடுக்கடுக்கா எண்ணலாம். ரெண்டாவது படம் மூக்கு, வேற வழியில்லை. சமையல்கட்டுல 1/125, ஐ.எஸ்.ஓ. 6400. கை கால் அதது இருந்த இடத்துல நிக்குது.

ஒரு சந்தேகம். கிட் லென்ஸ்ல இருந்த யு.வி. ஃபில்டர் இதுல உட்காரலை. திருகினா வழுக்குது.

#24 கல்யாண_கேமரா
டிசம்பர் 7, இரவு 9.10

அது 58, இது 52. பெருசைச் சின்னதுல மாட்ட வளையம் ஒண்ணு விக்கறாங்க, ஆனா தட்டை லென்ஸ் மேல தொப்பி வச்ச மாதிரி இருக்கும். 52-ல தனியா ஒரு ஹூட் (லென்ஸ் முன்னாடி நீட்டற மறைப்பு) வாங்கிப் போடுங்க. சாரல் முதல்ல அதுல விழும், பொண்ணு விரலும்தான்.